மாணவரும் ஆராய்ச்சிக் கட்டுரையும்

(ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கருத்தரங்கிலே நிகழ்த்திய உரை)



இம்மன்றத்தார் எம்மிடம் வந்து, "ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது எவ்வாறு என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்று கேட்டபோது நாம் உடனே இசைந்துவிட்டோம். இசைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில காலத்துக்கு முன்னர் மாணவர் கட்டுரைப் போட்டியொன்றிலே தீர்ப்பாளர் மூவரில் ஒருவராக நாமும் இருந்தோம். எம் கைக்கு வந்தவை 23 கட்டுரைகள். அவற்றுள் பதினொன்று "யாழ்ப்பாணத்தின் வரலாறு" என்னும் தலைப்பிலேயே இருந்தன. அந்தப் பதினொன்றில் ஏழு கட்டுரைகளின் முதற் பந்தி ஒன்றாகவே இருந்தது. பந்தி மட்டுமன்று, அதிலிருந்த எழுத்துப் பிழையும் ஒன்றே. ஏழு பிள்ளைகளும் ஒரே கிணற்றிலே தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். அந்தக் கிணறு கைத்தொலைபேசிக்குள்ளே இருக்கிறது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

எஞ்சியவற்றுள் ஒரு கட்டுரை ஒரு பெண்பிள்ளை எழுதியது. தன் ஒழுங்கையிலே உள்ள 64 வளவுகளையும் அவள் நடந்து பார்த்திருக்கிறாள். கிடுகு வேலி எத்தனை, கதியால் வேலி எத்தனை, தகரம் எத்தனை, சீமெந்து மதில் எத்தனை என்று எண்ணி எழுதியிருக்கிறாள். மதில் கட்டியவர்களிடம் "ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்டிருக்கிறாள். கிடுகு பின்னுவதற்கு ஆள் இல்லை என்றார் ஒருவர். 1995இல் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வேலியே இருக்கவில்லை என்றார் இன்னொருவர். வெளிநாட்டிலிருந்து மகன் காசு அனுப்பினான் என்றார் மூன்றாமவர். கட்டுரையிலே சந்திப் பிழைகள் மலிந்திருந்தன. முடிவுரை என்று ஒன்றும் இருக்கவில்லை. பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. வழுவழுப்பான நடையில் எழுதப்பட்ட வேறொன்றுக்குக் கொடுத்தோம். அந்தத் தீர்ப்பிலே நாமும் கையொப்பமிட்டோம். அன்றிரவே எமக்கு மனம் உறுத்தியது. அந்த 23 கட்டுரைகளுள்ளும் ஆராய்ச்சிக் கட்டுரை என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. இன்றைய பேச்சை அந்தக் கையொப்பத்துக்கு நாம் செய்யும் பிராயச்சித்தம் என்றே கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக்கும் தகவல் திரட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்துதல் வேண்டும். பிறர் கண்டு எழுதியவற்றைத் தொகுத்துத் தருவது திரட்டு. அதற்கும் பயன் உண்டு, நாம் அதைப் பழிக்கவில்லை. ஆராய்ச்சியோ ஒரு கேள்வியிலே தொடங்குவது. அந்தக் கேள்விக்கு விடை எந்தப் புத்தகத்திலும் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருக்கக் கூடாது. விடை எழுதி வைக்கப்பட்டிருக்குமாயின் அதைப் பார்த்து எழுதுவதற்கு நீங்கள் எதற்கு?

ஆகவே, தலைப்பைத் தேடுவதற்கு முன்னர் கேள்வியைத் தேடுங்கள். கேள்வி சிறியதாக இருத்தல் வேண்டும். பிள்ளைகள் இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். சிறிய கேள்வியை எடுத்தால் பக்கம் நிரம்பாது என்று எண்ணிப் பெரிய தலைப்பை எடுக்கிறார்கள், எடுத்தபின் எதையும் சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிறார்கள். விபுலானந்த அடிகளாரின் யாழ் நூலை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய நூல்! அது எங்கிருந்து பிறந்தது? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனைப் பற்றிச் சொல்லும் 25 அடிகளிலிருந்து பிறந்தது. அந்த அடிகளுக்கு ஒரு விரிவுரையாகவே தமது நூல் அமைந்ததென்று அடிகளாரே கூறியுள்ளார். காரைதீவிலே 1892இல் பிறந்து, விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்று, பின்னர் துறவு பூண்டவர் அவர். மறைந்துபோன இசைக்கருவி ஒன்றின் நரம்புகளைக் கணக்கிட்டு அறிவதற்குப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். நூல் 1947 யூன் மாதத்திலே அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இருபத்தைந்து அடிகள் பதினான்கு ஆண்டுக்குப் போதுமாக இருந்தன என்றால், உங்கள் ஒழுங்கை ஒரு தவணைக்குப் போதாதா?

பொதுப்படப் பேசிக்கொண்டே போவதிலும் பார்க்க ஓர் உதாரணத்தை எடுத்து இறுதிவரை கொண்டு செல்வது நன்று. "யாழ்ப்பாணத்தின் நீர்வளம்" என்று ஒரு மாணவர் தலைப்பு இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது தலைப்பன்று, கடல். இதைச் சுருக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரி முடிந்தால் அதுவும் அடங்கிவிடும். நாம் குடிப்பதும் தோட்டம் இறைப்பதும் கிணற்று நீரே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கித் தங்குகிறது. கீழே கடல் நீர் இருக்கிறது. அதன் மேலே இந்த நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடியை இறைத்துக் குறைத்துவிட்டால் கீழே உவர் நீர் எவ்வளவு மேலேறும் என்று நீங்களே கணக்கிடலாம். துலா மிதித்த காலத்திலே மனிதனின் கால் வலியே அதற்கு எல்லையாக இருந்தது. இயந்திரத்துக்குக் கால் வலிப்பதில்லை.

இவ்வளவும் புத்தகத்திலே உள்ளது. இது கட்டுரையின் பின்னணியேயன்றிக் கட்டுரை அன்று. இனித்தான் கேள்வி. "எங்கள் குறிச்சியில் உள்ள இருபது கிணறுகளில் எவை கோடையில் முதலாவதாக உவர்க்கின்றன? அவை கடலுக்கு அண்மையில் உள்ளவையா, அல்லது கூடுதலாக இறைக்கப்படுபவையா?" இந்தக் கேள்விக்கு விடை உலகத்திலே எந்த நூலகத்திலும் இல்லை. உங்கள் குறிச்சியிலே மட்டும் இருக்கிறது. அதனை எடுப்பதற்கு ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கொப்பி, அதிகாலையில் எழும்பும் பழக்கம் ஆகியவை போதும். அதிகாலை ஏன் என்றால், இறைப்பு இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய பின்னர் நீர்மட்டம் இறங்கிவிடும். ஒரு கிணற்றை விடியவும் இன்னொன்றை மத்தியானமும் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. உப்பின் அளவைப் பாடசாலை ஆய்வுகூடத்திலே பார்த்துத் தர இரசாயன ஆசிரியர் மறுக்கமாட்டார். உரமும் மலக்குழியும் கிணற்று நீரிலே நைத்திரேற்றைக் கூட்டுகின்றன என்பது குடாநாட்டிலே நெடுங்காலமாக அறியப்பட்ட சங்கதி. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது வேறொரு கேள்வி. அதை வேறொரு பிள்ளை எடுக்கட்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும்.

காலத்தைத் திட்டமிடுதல் பற்றி இங்கே ஒரு சொல். கேள்வியே கால அட்டவணையைத் தரும். கிணற்றைப் பற்றி எழுதப் புறப்படுபவர் புரட்டாசியிலே, நீர் மிகக் கீழே நிற்கும் நாளிலே முதலாவது அளவை எடுத்தாக வேண்டும். தையிலே கட்டுரை ஒப்படைக்க வேண்டுமென்று மார்கழியிலே விழித்தெழுந்தால், மழை உங்களுக்காகத் திரும்பப் பெய்யாது. முதியவர்களிடம் கேட்டு எழுதுபவருக்கோ காலம் இன்னும் நெருக்கடியானது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

சான்றுகள் எங்கே கிடைக்கும்? கண்ணால் காண்பது, வாயால் கேட்பது, ஏட்டிலே படிப்பது என்று மூன்று வழிகள் உண்டு. ஏட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏட்டிலே இருப்பதெல்லாம் ஒரே பெறுமதி உடையன அல்ல. யாழ்ப்பாண வைபவமாலை எமக்குக் கிடைத்த அரிய நூல். மயில்வாகனப் புலவர் அதனை ஒல்லாந்தர் காலத்திலே, 18ஆம் நூற்றாண்டிலே இயற்றினார். அதிலே சொல்லப்படும் அரசர்களோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர்கள். புலவர் அவர்களைக் கண்டவர் அல்லர், முன்னோர் சொல்லக் கேட்டும் பழைய ஏடுகளைப் பார்த்தும் எழுதினார். ஆகவே, ஒல்லாந்தர் காலத்து மக்கள் தம் முன்னோரைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதற்கு அந்நூல் நேர்ச்சாட்சி. அம்முன்னோர் உண்மையிலே என்ன செய்தார்கள் என்பதற்கு அது கேள்விச் சாட்சி. முதலியார் இராசநாயகம் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும் யாழ்ப்பாணத்துப் பழைய வரலாறு பற்றி நூல்கள் வெளியிட்டனர். இரு பேரறிஞர்களும் பல இடங்களிலே உடன்படவில்லை. மாணவர் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அவர்கள் எந்த இடத்திலே பிரிகிறார்கள், ஒவ்வொருவரும் எந்தச் சான்றைக் காட்டுகிறார்கள் என்று இரு நிரலாக எழுதிப் பாருங்கள். ஆராய்ச்சி என்றால் என்ன என்பதை எமது பேச்சைவிட அந்த ஒரு தாள் நன்றாகச் சொல்லிவிடும்.

ஏட்டிலே இல்லாததும் ஒரு செய்தியே. குடிசன மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தீவிலே 1871இலிருந்து அது நடந்து வருகிறது. ஆனால் 1981க்குப் பின்னர் வட மாகாணம் முழுவதும் ஒழுங்காக எண்ணப்பட்டது 2012இலேயே. இடையிலே முப்பத்தொரு ஆண்டு வெறுமை. உங்கள் ஊரின் சனத்தொகையை வரைபடமாக வரையும் மாணவர், இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாகாது. அந்த நேர்கோட்டுக்குள்ளே எத்தனை இடப்பெயர்வு, எத்தனை சாவு, எத்தனை கப்பற் பயணம் மறைந்து கிடக்கின்றன! "இவ்விடத்திலே கணக்கு இல்லை" என்று எழுதுவது கட்டுரைக்குக் குறைவு அன்று.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே மாத இறுதியிலே எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. இதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த எரிப்பினாலே உங்கள் வீட்டுப் பெட்டகத்துக்குப் புதிதாக ஒரு பெறுமதி வந்துவிட்டது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள்? பாட்டனாரின் காணி உறுதி, கலியாணக் கொண்டாட்ட அழைப்பிதழ், கோயிற் கணக்குக் கொப்பி, சரமகவி, பழைய பாடசாலை மலர் இவையெல்லாம் சான்றுகளே. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்திலே ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் மலர்களும் ஆயிரக்கணக்கிலே வாசிக்கக் கிடைக்கின்றன. காசில்லாமல் கிடைக்கும் அந்தச் செல்வத்தை மாணவர்கள் இன்னும் போதிய அளவு எடுத்தாளவில்லை என்பது எமது மனக்குறை.

இனி, வாயாற் கேட்பது. இங்கே எமது சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எமது ஊரிலே கிணறு வெட்டும் அப்பு ஒருவர் இருந்தார். பாறையிலே அலவாங்கு விழும் ஓசையைக் கேட்டே, ஊற்றுக்கண் எத்தனை முழத்திலே இருக்கிறது என்று சொல்வார் என ஊரிலே பேச்சு. அவரிடம் கேட்டு எழுத வேண்டுமென்று ஒரு நாள் மாலை போனோம். திண்ணையிலே இருந்தார். "தம்பி, உதெல்லாம் எழுதி என்ன செய்யப் போறாய்? சரி, கேள்" என்று சொல்லத் தொடங்கினார். ஓசையிலே நாலு விதம் உண்டென்றும், ஒவ்வொன்றுக்கும் தம் தகப்பனார் ஒரு பேர் வைத்திருந்தார் என்றும் சொன்னார். இரண்டு பேரைச் சொன்னார். இருட்டிவிட்டது. "மிச்சத்தை நாளைக்கு வா, சொல்லுறன்" என்றார். எமக்குச் சோதனை நெருங்கியிருந்தது. சோதனை முடியப் போகலாம் என்று இருந்துவிட்டோம். சோதனை முடிந்து போனபோது முற்றத்திலே பந்தல் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் இன்றுவரை எமக்குத் தெரியாது. எமது ஊரிலே எவருக்கும் தெரியாது.

ஆகவே முதியவர்களிடம் முதலிலே போங்கள், புத்தகம் காத்திருக்கும். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் ஆயினும் கொண்டு செல்லுங்கள். கேள்விகளை முன்னரே எழுதி வைத்திருங்கள், ஆனால் அவர் வேறு பக்கம் போனால் மறிக்காதீர்கள். நாலு கேள்வியிலே கிடைக்காதது அந்த வேறு பக்கத்திலே கிடைப்பதுண்டு. கைத்தொலைபேசியிலே பதிவு செய்வதாயின் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "மிதிச்சு இறைச்சனாங்கள்" என்பதை "துலா மூலம் நீர்ப்பாசனம் செய்யப்பட்டது" என்று மாற்றிவிட்டால், மனிதர் போய்விடுகிறார், வாக்கியம் மாத்திரம் நிற்கிறது.

முதியவர் சொன்னதெல்லாம் சரியாயிருக்கும் என்பதும் இல்லை. மாணவராயிருந்த காலத்திலே எமது ஊர்க் கோயிற் கேணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். அது ஒல்லாந்தர் காலத்துக் கேணி என்று பெரியவர் ஒருவர் அடித்துச் சொன்னார், அப்படியே எழுதினோம், ஆசிரியரும் பாராட்டினார். சில ஆண்டுகளின் பின் கேணியைத் துப்புரவாக்கியபோது, பாசியும் சுண்ணாம்பும் படிந்திருந்த படிக்கல் ஒன்றிலே கட்டுவித்தவர் பேரும் ஆண்டும் வெளிப்பட்டன. ஒல்லாந்தர் 1795இலே யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் ஏறக்குறைய நூறு ஆண்டு கழிந்த பின் கட்டப்பட்ட கேணி அது. நாம் சிறுவயதிலே கால் கழுவ இருந்த படியே அந்தப் படி! அன்றிலிருந்து எமக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒருவர் சொன்னதை அடிக்கோடிட்டு எழுதுவோம். இரண்டாவது சான்று கிடைத்த பின்னரே கோட்டை அழிப்போம்.

குறிப்பெடுப்பதைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. பழைய கொப்பி மட்டைகளை ஒரே அளவாக வெட்டி, ஒரு மட்டையிலே ஒரு செய்தி மாத்திரம் எழுதுங்கள். மூலையிலே யார் சொன்னது, எந்த நூல், எத்தனையாம் பக்கம், என்றைக்கு என்று குறியுங்கள். நூலிலுள்ள சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோட் குறி இடுங்கள். அப்படிக் குறியிடாமல் விட்டால் மூன்று கிழமை கழித்து அது உங்கள் சொல்லா பிறர் சொல்லா என்பது உங்களுக்கே தெரியாது. களவு பெரும்பாலும் இவ்வாறுதான் தொடங்குகிறது, எண்ணிச் செய்பவர் சிலரே. கணினியிலே எழுதுபவரும் இதே ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

மட்டைகள் சேர்ந்தபின் மேசையிலே பரப்பி, ஒன்றோடொன்று சேர்வனவற்றைச் சேர்த்துப் பாருங்கள். கட்டுரையின் எலும்புக்கூடு அங்கே தெரியும். கேள்விக்கு உதவாத மட்டைகள் சில மிஞ்சும். அவற்றை எடுத்து அப்புறம் வைப்பதற்கு மனம் வராது. வெயிலிலே அலைந்து தேடியவை அல்லவா! ஆயினும் வையுங்கள். எழுதும்போது நடுவிலிருந்து, அதாவது நீங்கள் கண்டதிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியிலே எழுதுங்கள். எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று தெரிந்த பின்னரே வழி சொல்ல முடியும். "தொன்றுதொட்டு", "வந்தாரை வாழவைக்கும்", "பொன் கொழிக்கும்" என்று தொடங்கும் வாக்கியங்களைக் கண்டால் எமக்கு இப்போதெல்லாம் கண் தானாகவே அடுத்த பந்திக்குத் தாவுகிறது. "அளந்த 20 கிணறுகளில் 7 கிணறுகள் ஆவணி முதற் கிழமையிலே உவர்த்தன, அவற்றில் 5 தோட்டக் கிணறுகள்" என்று ஒரு வாக்கியம் உங்களிடமிருந்து வருமாயின், அதற்கு அணியலங்காரம் எதுவும் வேண்டியதில்லை. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் அதை எழுதுங்கள். கடற்கரைக் கிணறு உவர்க்காமலும் உட்புறக் கிணறு உவர்த்தும் இருந்தால், எண்ணை மாற்றலாகாது. கட்டுரை அங்கேதான் சுவைக்கத் தொடங்குகிறது.

செயற்கை நுண்ணறிவு என்னும் கருவியைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தால், எம்மைப் பழங்காலத்து மனிதர் என்று எண்ணுவீர்கள். நாமும் அதைத் தட்டிப் பார்த்தோம். எமது ஊர்க் கேணியைப் பற்றிக் கேட்டோம். அழகான தமிழிலே ஒரு பக்கம் எழுதித் தந்தது. கேணியைக் கட்டுவித்த அரசன் பேரைச் சொன்னது. ஆதாரமாக ஒரு நூலின் பேரையும் பக்கத்தையும் கொடுத்தது. அப்படியொரு நூலை எந்தப் பட்டியலிலும் நாம் காணவில்லை. படிக்கல்லோ அங்கேயே கிடக்கிறது. அக்கருவி கேணிக்கு ஒருபோதும் போனதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதனைப் பயன்படுத்துங்கள். எழுத்துப் பிழை பார்க்கக் கொடுங்கள், ஆங்கிலத்திலுள்ள கட்டுரையொன்றை விளங்கிக்கொள்ள உதவி கேளுங்கள், உதவி பெற்றதைக் கட்டுரையிலே சொல்லிவிடுங்கள். கிணற்றை அளக்க அதனை அனுப்பாதீர்கள்.

அடிக்குறிப்பு, நூற்பட்டியல் முதலியவற்றை எந்த முறையிலே அமைப்பது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முறைகள் பல, ஒன்றைப் பிடித்தால் இறுதிவரை அதையே பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தி சொன்ன முதியவர்களின் பேரையும், அவர்கள் சம்மதித்தால், நூற்பட்டியலோடு சேர்த்து எழுதுங்கள். கட்டுரை முடிந்தபின் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலே வைப்பியுங்கள். இன்னொன்றைச் செய்தி தந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய், கண் தெரியாதவராயின் வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அப்போது அவரே சொல்வார்.

இச்சபையிலே வேலிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிய அந்தப் பிள்ளை இருக்குமாயின், கூட்டம் முடிந்ததும் எம்மை ஒரு முறை வந்து காணட்டும். கட்டுரையைத் திருப்பி அனுப்பிய பின்னர்தான் அதன் பிரதியொன்றை எடுத்து வைக்காமல் விட்டது தெரிந்தது. கிடுகு வேலி ஒன்பதா, பதினொன்றா என்று எமக்கு இப்போது ஞாபகம் இல்லை.